பதினான்கு தகுதிகளும் ஒரு பயிலுநர் வெற்றிடமும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாலை நேரத்துக் கடற்காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்குள் வந்து அமர்ந்திருக்கும் திருகோணமலை அவையோரே, வணக்கம். மென்பொருள் வேலை விளம்பரங்களில் கேட்கப்படும் நீண்ட தகுதிப் பட்டியல் திறமையாளரை இனங்காண உதவுகிறதா, அவர்களை விரட்டுகிறதா என்பது இன்றைய தலைப்பு. விரட்டுகிறது என்று வாதிடும் அணியின் சார்பில் நான் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஓர் அழகான உவமையோடு தொடங்கினார். ஆழ்கடலுக்குப் போகும் வள்ளத்தில் ஆள் சேர்க்கும்போது நீந்தத் தெரியுமா என்று கேட்பது குற்றமா என்றார். அவை கைதட்டியது, நானும் தட்டினேன். நீந்தத் தெரியுமா என்று மட்டும் விளம்பரங்கள் கேட்டிருந்தால் இந்தப் பட்டிமன்றத்துக்குத் தேவையே இருந்திராது. நீந்த வேண்டும், வலை பொத்த வேண்டும், வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட வேண்டும், வள்ளம் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும், பிடித்த மீனைக் கரையில் நின்று ஏலம் கூறவும் வேண்டும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருடம் கட்டி இறக்கிய வள்ளத்தில் ஐந்து வருட அனுபவம் இருக்க வேண்டும் என்று எந்தச் சம்மாட்டியாவது கேட்டதை இந்த ஊரில் யாராவது கண்டிருக்கிறீர்களா? கரைவலைக்கு ஆள் எடுக்கும் சம்மாட்டிக்கு எத்தனை பேர் கயிறு இழுக்க வேண்டும், யார் வள்ளத்தில் போக வேண்டும் என்பது தெரியும். ஆகவே அவர் கேட்பது இரண்டு கேள்விதான். எங்கே பட்டியல் நீளுகிறதோ அங்கே கேட்பவருக்கே தன் தேவை தெளிவாக இல்லை என்பது எனது முதல் வாதம்.

இதை வெறும் குற்றச்சாட்டாக விடாமல், கையில் ஓர் ஆதாரத்தோடு வந்திருக்கிறேன். இந்தத் தாளில் இருப்பது கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தின் விளம்பரம்; பெயரை நான் சொல்லப்போவதில்லை, மேலே இருந்த சின்னத்தையும் வெட்டிவிட்டேன். பதவி: பயிலுநர் மென்பொருள் பொறியியலாளர். கேட்கும் தகுதிகள்: ஜாவா, பைதன், சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், ஆங்குலர், நோட், மைஎஸ்கியூஎல், மொங்கோடிபி, டொக்கர், குபெர்னெட்டிஸ், அமேசான் மேகச் சேவை, ஃபிளட்டர். பதின்மூன்று ஆகிவிட்டது. பதினான்காவது ஃபோட்டோஷொப், அது எப்படி இதற்குள் வந்தது என்பதை எதிரணி எனக்கு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். இத்தனைக்கும் பிறகு, கீழே ஒரு வரி: குறைந்தது இரண்டு வருட அனுபவம்.

அவையில் கணினித் துறை சாராதவர்களும் இருக்கிறீர்கள், ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன். ரியாக்டும் ஆங்குலரும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள். பயனர் கண்ணால் காணும் இணையப் பக்கங்களைக் கட்டுவதற்கு நிறுவனங்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்கின்றன. இரண்டையும் ஒருவரிடம் கேட்பது, ஒரே வீட்டுக்கு ஓடும் போடுங்கள், அதன்மேல் தகரமும் போடுங்கள் என்று மேசனிடம் சொல்வதைப் போன்றது. ஜாவா, சி ஷார்ப், பைதன், நோட் ஆகிய நான்கும் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் சேவையகத்தில் இயங்கும் பகுதியை எழுத உதவுபவை. ஒரு செயற்றிட்டத்தில் அவற்றுள் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஃபிளட்டர் கைபேசிச் செயலிக்கு உரியது. குபெர்னெட்டிஸோ பெருந்தொகையான சேவையகங்களில் நிரல்களை ஓடவிட்டு மேற்பார்வை செய்யும் பொறிமுறை. அதைப் பயிலுநர் ஒருவரின் கையில் கொடுக்கும் நிறுவனத்தைப் பார்த்து நான் பயப்படுவேன்.

இப்படியொரு பட்டியலை யார் எழுதுகிறார்? உண்மையில் அதை எவரும் எழுதுவதில்லை. அது தானாகச் சேர்கிறது. அணித் தலைவர் தமக்குத் தேவையான நான்கைச் சொல்கிறார். விலகிப்போன ஊழியர் ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டவை எல்லாம், அவருடைய இடத்தை நிரப்ப வருபவருக்கு முதல்நாளே தெரிந்திருக்க வேண்டியவையாக மாறிச் சேர்கின்றன. மனிதவளப் பிரிவில் இருப்பவர் போன வருட விளம்பரத்தைத் திறந்து, அதன்மேல் புதியதை ஒட்டுகிறார். பழையதை நீக்குவதற்கு அவருக்கு அதிகாரமும் இல்லை, எதை நீக்குவது என்ற அறிவும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் பெயரில் மட்டும் உறவினர் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்து, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் வருடக் கணக்கைப் பெரிதாகத் தூக்கிப் பிடித்தார். அனுபவத்தை வருடத்தால் அளக்காமல் வேறு எதனால் அளப்பது என்று கேட்டார். அவருக்கு நான் இரண்டு நிகழ்வுகளை நினைவூட்ட விரும்புகிறேன். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற, பைதன் மொழியில் நிரல் எழுதுவோருக்கு உதவும் கட்டமைப்பை செபாஸ்டியன் ரமிரெஸ் என்பவர் உருவாக்கி 2018ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டார். 2020ஆம் ஆண்டு ஜூலையில் அவர் டுவிட்டரில் ஒரு செய்தி இட்டார்: ஃபாஸ்ட்ஏபிஐயில் நான்கு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் கேட்கும் வேலை விளம்பரம் ஒன்றைக் கண்டதாகவும், அதை உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்பதால் தம்மால் விண்ணப்பிக்க முடியாது என்றும். அதே காலத்தில், உலகப் பெரு நிறுவனம் ஒன்றின் விளம்பரம் குபெர்னெட்டிஸில் 12 வருட அனுபவம் கேட்டது. குபெர்னெட்டிஸை கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 2014ஆம் ஆண்டில். 2020இலிருந்து 12ஐக் கழித்தால் 2008 வருகிறது. அந்த நிபந்தனையை நிறைவுசெய்யக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவரும் இல்லை. அதைப் படைத்த பொறியியலாளர்களும் அதில் அடக்கம்.

வருடம் என்ற அளவுகோல் இப்படிச் சறுக்குவதற்குக் காரணம் உண்டு. நிறுவனத்தில் ஒரு பதவிக்கு ஒரு சம்பளப் படி இருக்கிறது, அந்தப் படிக்கு ஐந்து வருடம் என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண் ஒவ்வொரு கருவியின் பெயருக்குப் பக்கத்திலும் அப்படியே ஒட்டப்படுகிறது. இதற்கிடையில் கருவிகளோ பிறந்து மறைகின்றன. ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் கேட்கப்பட்ட ஆங்குலர்ஜேஎஸ் என்ற பழைய பதிப்புக்கான ஆதரவை 2021ஆம் ஆண்டின் முடிவோடு கூகுள் நிறுத்திக்கொண்டது. அதற்கு மாறாக, தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும், எட்கர் கொட் 1970இல் முன்வைத்த தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டை இன்றும் வங்கியிலிருந்து வைத்தியசாலை வரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவருக்கு, அதன்படி அமைந்த மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பழகச் சில நாட்கள் போதும். ஒரு மொழியில் நிரல் எழுதி, பிறருடைய நிரலைப் படித்து, பிழையைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர், இன்னொரு மொழிக்கு மாற எடுக்கும் காலத்தை வாரங்களில் எண்ணலாம். விளம்பரம் அதைக் கேட்பதில்லை.

நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் எப்படி வடிகட்டுவது என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது. நியாயமான கேள்வி. ஆனால் வடி என்பது தேங்காய்ப்பாலை விட்டுவிட்டுச் சக்கையைப் பிடித்து வைக்க வேண்டும். ஹார்வர்ட் வணிகக் கல்லூரியும் அக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் மென்பொருள்களை ஆராய்ந்தது. விளம்பரத்தில் சொன்ன நிபந்தனைகளோடு அச்சொட்டாகப் பொருந்தாத காரணத்தால், உயர் திறன் வேலைகளுக்குத் தகுதியான விண்ணப்பதாரர்களே வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று அதில் 88 சதவீதமான தொழில்தருநர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதைச் சொன்னவர்கள் வேலை கிடைக்காமல் புலம்புகிறவர்கள் அல்லர், வேலை கொடுப்பவர்கள். எதிரணி யாருக்காக வாதாடுகிறதோ, அவர்களே எங்கள் பக்கத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

இனி, எதிரணி மிகவும் நம்பியிருக்கும் வாதத்துக்கு வருகிறேன். அது வெறும் ஆசைப் பட்டியல், பாதி தெரிந்தாலும் விண்ணப்பிக்கலாம், புத்தியுள்ளவர்களுக்கு அது தெரியும் என்றார்கள். தெரியும், யாருக்கு? கொழும்பில் ஓர் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்த நிறுவனங்களில் வேலை செய்தால், அதையெல்லாம் கணக்கெடுக்காதே, அனுப்பு என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுவார்கள். மூதூரிலோ தம்பலகாமத்திலோ இருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்த பிள்ளைக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. உயர்தரப் பரீட்சை வரைக்கும், குறைந்தபட்சத் தகைமை என்று எழுதியிருந்தால் அது குறைந்தபட்சத் தகைமைதான் என்று படித்து வளர்ந்த பிள்ளை அது. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நம்புவது புத்திக் குறைவா, நடுவர் அவர்களே?

அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது நான்தான். பட்டம் முடித்த வருடத்தில் ஒரு கொப்பியில் விளம்பரங்களில் வந்த சொற்களையெல்லாம் எழுதி, தெரிந்தவற்றுக்குச் சரியும் தெரியாதவற்றுக்குப் பிழையும் போட்டு வைத்திருந்தேன். ஒரு பிழையாவது விழாத விளம்பரம் அகப்படவில்லை. ஆகவே ஏழு மாதங்கள் ஒரு விண்ணப்பமும் அனுப்பாமல், ஒவ்வொரு பிழையையும் சரியாக்குவதற்கு இணையத்தில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றைச் சரியாக்குவதற்குள் விளம்பரங்களில் இரண்டு புதிய சொற்கள் வந்து சேர்ந்துவிடும். என்னோடு படித்த நண்பன் கொப்பி ஒன்றும் வைத்திருக்கவில்லை. விளம்பரத்தில் இருந்த சொற்கள் அனைத்தையும் அப்படியே தன் சுயவிபரக் கோவையில் ஏற்றி அனுப்பினான். அழைப்பு வந்தது. இரவு பஸ்ஸில் சுமார் 260 கிலோமீற்றர் கொழும்புக்குப் போகும் வழியெல்லாம் குபெர்னெட்டிஸ் என்பதை எப்படி உச்சரிப்பது என்று பழகிக்கொண்டு போனானாம். நேர்முகப் பரீட்சையில் அந்தச் சொல்லை யாரும் வாயிலெடுக்கவில்லை. தரவுத்தளத்தில் ஒரு வினா, பிழையுள்ள ஒரு நிரல்துண்டு, அவ்வளவுதான். இரண்டும் நாங்கள் வளாகத்து ஆய்வுகூடத்தில் சேர்ந்திருந்து செய்தவை. இரண்டும் எனக்கு அவனைவிடச் சற்று நன்றாகவே வரும். அவன் இன்று மூன்றாவது வரிசையில்தான் அமர்ந்திருக்கிறான், வேண்டுமானால் மறுக்கட்டும்.

நான் அவன்மேல் குற்றம் சொல்லவில்லை. அவன் நல்ல வேலைகாரன் என்பது பிறகு நிரூபணமாயிற்று. ஆனால் அந்த விளம்பரம் எங்கள் இருவருக்கும் இடையில் எதைக் கொண்டு தெரிவு செய்தது என்று சிந்தித்துப் பாருங்கள். எங்கள் நிரல் எழுதும் திறனை அது தொடவேயில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதும் துணிவு யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் சோதித்தது. எல்லா நிறுவனங்களும் இதையே செய்யும்போது, வந்து குவியும் கோவைகளில் பொய் மலிகிறது; பொய் மலிந்ததைக் கண்ட மனிதவளப் பிரிவு சலிப்படைந்து, இன்னும் இறுக்க வேண்டும் என்று பட்டியலில் மேலும் நான்கைச் சேர்க்கிறது; அதைக் கண்டு இன்னும் சில நேர்மையானவர்கள் விலகிக்கொள்கிறார்கள். தரத்தை உயர்த்துகிறோம் என்று எதிரணி பெருமையோடு சொன்னது இந்தச் சுழலைத்தான்.

கடுமையான நிபந்தனை எந்த வேலைக்கும் கூடாது என்று எங்கள் அணி சொல்லவில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவிக்கு நிரல் எழுதுபவரிடம் அந்தத் துறை அனுபவத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஏன் கேட்கிறோம் என்று அங்கே ஒரு வரியில் சொல்லவும் முடியும். காரணம் சொல்ல முடிகிற நிபந்தனை எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் இருக்கட்டும். முதல் நாளே கட்டாயம் தேவைப்படுவது எது, வேலையில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளக்கூடியது எது என்று இரண்டாகப் பிரித்து எழுதினால், பதினான்கில் எத்தனை மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்?

அந்தக் கேள்வியை எதிரணித் தலைவரிடமே விடுகிறேன். எட்டு வருடங்களாகத் தாம் மென்பொருள் பொறியியலாளராக இருப்பதாக அவர் தம் உரையில் சொன்னார். விளம்பரத்தாளை நடுவரின் மேசைமேல் வைக்கிறேன். தொகுப்புரைக்கு எழும்போது அவர் இரண்டு எண்களை மட்டும் இந்த அவைக்குச் சொல்லட்டும்: இந்தப் பதினான்கில் இன்று அவருக்கு எத்தனை தெரியும், முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அன்று எத்தனை தெரிந்திருந்தது? நன்றி, வணக்கம்.