ஒளிக்கு வழிவிடும் மின்முனை

டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என எங்கிருந்து கேட்டாலும், நேயர்களுக்கு வணக்கம்.

உலகில் வெட்டியெடுக்கும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் நம் தென்னாப்பிரிக்காவுடையது. ரசாயனக் கூடத்தில் மின்முனை, அதாவது கரைசலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கடத்தி, என்றதும் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். ஆனால் பிளாட்டினச் சுரங்க ஊரான ருஸ்டன்பர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது, அதற்கு ஒரு குறை உண்டு: ஒளியை உள்ளே விடாது.

விடாவிட்டால் என்ன? நம் செல்களில் சைட்டோகுரோம் சி என்றொரு சின்னப் புரதம் இருக்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. எலக்ட்ரான் ஏறினால் ரோஜாச் சிவப்பு, இறங்கினால் பழுப்பேறிய சிவப்பு. இதை மின்முனையில் ஒட்டி, மின்னோட்டத்தை அளக்கும்போதே நிறத்தையும் பார்த்தால், அந்த மின்சாரம் புரதத்தினுடையதா, வேறெங்கிருந்தோ வந்ததா என்பது பிடிபட்டுவிடும். மின்னோட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம்.

இங்கேதான் இண்டியம் டின் ஆக்ஸைடு வருகிறது. உங்கள் கைபேசியின் தொடுதிரையில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். கலந்த டின் மின்சாரத்தைக் கடத்த எலக்ட்ரான்களைத் தருகிறது. ஆனால் இந்தப் பொருள் ஒளியை விழுங்க, ஒளித்துகளின் ஆற்றல் 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பெரும்பாலும் அவ்வளவு வலு கிடையாது, அதனால் ஊடுருவிப் போய்விடுகிறது.

சரி, தட்டையான படலம் போதாதா? போதாது. அதன்மேல் ஒற்றை அடுக்காகப் புரதம் ஒட்டினால், ஊடுருவும் ஒளி ஆயிரத்தில் சில பங்குதான் மாறும். அதனால் ஆக்ஸைடு நானோ துகள்களோடு பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மணிகளைக் குழைத்து, கண்ணாடியில் சொட்டுவிட்டு, காய்ந்ததும் 500 டிகிரி அளவில் சுடுகிறார்கள். மணிகள் எரிந்து போக, பிட்ட இட்லியின் உள்பக்கம் போலத் துளைகள் மிஞ்சும். துளைச் சுவரெல்லாம் புரதம் ஒட்டும். ஒளி அத்தனை சுவர்களையும் கடந்து வருவதால் நிறம் சேர்ந்து சேர்ந்து அளக்கத் தக்கதாகிறது.

கேம்பிரிட்ஜில் வேதியியலாளர் எர்வின் ரைஸ்னர் குழுவினர் இத்தகைய மின்முனைகளில் ஒளிச்சேர்க்கைப் புரதங்களையும், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவையும் குடியேற்றி, வெளிச்சம் பட்டதும் வரும் மின்னோட்டத்தை அளந்திருக்கிறார்கள். புரதத்துக்கு நானோமீட்டர் துளை போதும், முழு பாக்டீரியாவுக்கு மைக்ரோமீட்டர் கணக்கில் வேண்டும். ஆனால் துளை ஒளியின் அலைநீளத்தை நெருங்கினால் ஒளி சிதறிப் படலம் வெளுத்து மங்கும்.

இன்னொரு தொல்லை: எதிர்மின்னழுத்தத்தை அளவுக்கு மீறித் தள்ளினால் இண்டியம் உலோகமாக மாறிப் படலம் கறுத்துவிடும். இண்டியம் துத்தநாகச் சுத்திகரிப்பில் துணைவிளைவாகக் கிடைப்பது, விலையும் கூட. அதனால் என் மனம் ஆண்டிமனி கலந்த டின் ஆக்ஸைடு பக்கம் சாய்கிறது. மின்கடத்தல் சற்றுக் குறைவுதான், ஆனால் இவ்வளவு மெல்லிய படலத்துக்கு அது தாங்கும்.

வணக்கம்.