மகளிர் கால்பந்து: தோற்றவர்கள் காட்டும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து 1991-இல் தொடங்கியது. 2023 வரை ஒன்பது முறை நடந்திருக்கிறது. கோப்பையைத் தூக்கிய நாடுகள் ஐந்தே ஐந்து. அமெரிக்கா நான்கு முறை, ஜெர்மனி இரண்டு முறை, நார்வே, ஜப்பான், ஸ்பெயின் தலா ஒரு முறை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதும் அமெரிக்காதான். இந்தப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு, மகளிர் கால்பந்தில் பலம் இடம் மாறுகிறது என்ற பேச்சு வெறும் மிகையாகத்தான் படும்.

வென்றவர்கள் பட்டியல் மெதுவாகத்தான் மாறும். மாற்றம் முதலில் தெரிவது தோற்றவர்கள் பக்கம். யார் தோற்றார்கள், எத்தனை கோல் வித்தியாசத்தில், ஆட்டத்தின் எந்த நிமிடத்தில் என்று பாருங்கள்.

முதல் உலகக் கோப்பையில் காலிறுதியில் அமெரிக்கா தைவானை 7-0 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் ஜெர்மனியை 5-2. 2007-இல் ஜெர்மனி அர்ஜென்டினாவுக்கு 11 கோல் போட்டது. 2019-இல் அமெரிக்கா தாய்லாந்துக்கு 13. ஆகவே 2023-இல் அணிகளின் எண்ணிக்கை 24-லிருந்து 32 ஆக உயர்ந்தபோது, இனி வாரத்துக்கு ஒரு 10-0 பார்க்க வேண்டியிருக்கும் என்ற கவலை பரவலாக இருந்தது. எட்டு அணிகள் அந்த ஆண்டுதான் முதன்முதலாக உள்ளே வந்தன. நடந்தது வேறு. அந்தப் போட்டியின் மிகப் பெரிய வெற்றியே நெதர்லாந்து வியட்நாமை 7-0 என்று வென்றதுதான். புது அணிகள் எட்டில் மொராக்கோ, பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல், ஜாம்பியா ஆகிய நான்கு குறைந்தது ஒரு ஆட்டமாவது ஜெயித்தன. இங்கிலாந்து ஹைட்டியை வென்றது ஒரே ஒரு பெனால்டி கோலில்.

அந்த ஆண்டின் எச் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஜெர்மனி அப்போது ஃபிஃபா தரவரிசையில் 2-ஆம் இடம். மொராக்கோ 72-ஆம் இடம். முதல் ஆட்டத்தில் ஜெர்மனி மொராக்கோவை 6-0 என்று துவம்சம் செய்தது. பிறகு ஜெர்மனி கொலம்பியாவிடம் 2-1 என்று தோற்றது. வெற்றிக் கோல் 97-ஆவது நிமிடத்தில், கார்னரிலிருந்து வந்த பந்தை வனேகாஸ் தலையால் முட்டியதில் விழுந்தது. கடைசி ஆட்டத்தில் தென் கொரியாவோடு 1-1. மொராக்கோவோ தென் கொரியாவை 1-0, கொலம்பியாவை 1-0 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. ஆறு கோல் வாங்கிய அணி உள்ளே, ஆறு கோல் போட்ட அணி வெளியே. அதே போட்டியில் பிரேசிலும், ஒலிம்பிக் சாம்பியனாக வந்த கனடாவும் முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டின.

இங்கே தரவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிஃபாவின் மகளிர் தரவரிசை, சதுரங்கத்தில் உள்ள ஈலோ முறையைத் தழுவியது. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் புள்ளி ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். ஒருவர் இழக்கும் புள்ளிதான் மற்றவருக்குப் போகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆப்பிரிக்க அணிகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மோதுகின்றன. அந்தக் கண்டம் முழுவதும் ஒரே நேரத்தில் முன்னேறினால், புள்ளிகள் உள்ளுக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருக்கும். உலகப் பட்டியலில் யாரும் மேலே வரமாட்டார்கள். வெளிக் கண்டத்து அணிகளோடு மோதும் உலகக் கோப்பையில்தான் உண்மை நிலவரம் வெளிப்படும். 2023-இல் நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, மொராக்கோ என்று மூன்று ஆப்பிரிக்க அணிகள் 16 அணிகள் சுற்றுக்குப் போனது 'அதிர்ச்சி'யாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

சரி, இடைவெளி எப்படிக் குறைந்தது? முதலில் தற்காப்பில். கோல் போடக் கற்பதைவிட கோல் வாங்காமலிருக்கக் கற்பது சுலபம், செலவும் குறைவு. நான்கு பேர் கொண்ட இரண்டு வரிசைகளை நெருக்கி நிறுத்தி, நடுவில் பந்து போக வழியில்லாமல் அடைத்து, எதிரணியை ஓரங்களுக்குத் தள்ளுவதை ஒரு நல்ல பயிற்சியாளர் சில வாரப் பயிற்சி முகாமிலேயே சொல்லிக்கொடுத்துவிட முடியும். ஆனால் அதை 90 நிமிடம் தாக்குப்பிடிக்க மூன்று விஷயங்கள் வேண்டும். பழைய காலத்து 8-0, 9-0 எல்லாம் அந்த மூன்றும் இல்லாததால் வந்தவை.

ஒன்று, உடல் தகுதி. வரிசை நகரும்போது ஒருவர் இரண்டு அடி பின்தங்கினாலும் ஓட்டை விழும். பயிற்சி குறைந்த அணிகள் 70 நிமிடம் வரை சமாளித்துவிட்டு, கடைசி 20 நிமிடத்தில் வரிசையாகக் கோல் வாங்குவது இதனால்தான். இரண்டு, பந்தைப் பறித்த பிறகு அதை வைத்துக்கொள்ள முன்னால் ஒரு ஆள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் உதைத்து விரட்டிய பந்து பத்தே விநாடியில் திரும்பி வந்து நிற்கும். தற்காப்பு வீராங்கனைகளுக்கு மூச்சு வாங்கக்கூட நேரமிருக்காது. மூன்று, கோல்கீப்பர். உயரப் பந்துகளைக் கூட்டத்துக்குள் புகுந்து பிடிக்கத் தெரியாத கோல்கீப்பர் இருந்தால், ஓரத்துக்குத் தள்ளியதெல்லாம் வீண்.

2023-இல் ஜமைக்காவிடம் இந்த மூன்றும் இருந்தன. பிரான்சோடு 0-0, பனாமாவோடு 1-0, பிரேசிலோடு 0-0. பிரிவுச் சுற்றில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. முன்னால் மான்செஸ்டர் சிட்டியின் கதீஜா ஷா, கம்பத்துக்கு நடுவே டாட்டன்ஹாம் கிளப்பின் ரெபெக்கா ஸ்பென்சர். பனாமா ஆட்டத்தில் ஷா தடையில் இருந்தார். அப்போதும் அணி குலையவில்லை. நைஜீரியாவின் கோல்கீப்பர் சியாமகா நடோசி அப்போது பாரிஸ் எஃப்சி கிளப்பில் இருந்தார்; கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் அடித்த பெனால்டியைத் தடுத்தார், ஆட்டம் 0-0. கோல்கீப்பர்கள் தரம் உயர்ந்ததுதான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய மாற்றம் என்பது என் கருத்து. அமெரிக்காவை அந்த ஆண்டு வெளியேற்றியதும் ஒரு கோல்கீப்பர்தான். ஸ்வீடனின் செசிரா முஷோவிச் 11 உதைகளைத் தடுத்தார். கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. பெனால்டியில், லினா ஹுர்டிக் அடித்த பந்தை அமெரிக்கக் கோல்கீப்பர் அலிஸா நேயர் தட்டிவிட்டார். ஆனால் அது சில மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டிவிட்டதாகக் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் காட்டியது. அதற்கு முன் எந்த உலகக் கோப்பையிலும் அமெரிக்கா மூன்றாம் இடத்துக்குக் கீழே போனதே இல்லை.

இப்போது நான் சொன்ன ஷா, ஸ்பென்சர், நடோசி ஆகியோரிடம் ஒரு ஒற்றுமையைக் கவனித்திருப்பீர்கள். தேசிய அணி எந்த நாடாக இருந்தாலும், ஆடும் கிளப் ஐரோப்பாவில் இருக்கிறது. இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக் 2011-இல் தொடங்கி 2018-இல் முழுநேரத் தொழில்முறை லீக் ஆனது. இப்போதுள்ள அமெரிக்க மகளிர் லீக் 2013-இல் ஆடத் தொடங்கியது. ஸ்பெயினின் லீக் 2022-23 பருவத்திலிருந்து தொழில்முறை. ஒரு தேசிய அணி கூடுவது ஆண்டுக்குச் சில வாரங்கள். கிளப்பில் ஒரு வீராங்கனைக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி, வாராவாரம் கடினமான ஆட்டம், பக்கத்திலேயே மருத்துவர், உடற்பயிற்சியாளர். சொந்த நாட்டில் லீக்கே இல்லாவிட்டாலும், ஐந்தாறு வீராங்கனைகள் இப்படி வெளிநாட்டில் ஆடினால் தேசிய அணியின் முதுகெலும்பு நிமிர்ந்துவிடும்.

அமெரிக்காவின் பழைய ஆதிக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததே. 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்தது. கல்லூரிகள் மகளிர் கால்பந்து அணிகளைக் கட்டின, உதவித்தொகை கொடுத்தன. அதற்கு முன் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-இல் பெண்களுக்குத் தன் மைதானங்களை மூடி, சுமார் ஐம்பது ஆண்டு மூடியே வைத்திருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. கால்பந்து ஊறிய நாடுகள் தங்கள் பெண்களை நெடுங்காலம் கட்டிப்போட்டு, அப்போதுதான் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடத் தொடங்கிய நேரத்தில் அமெரிக்கா ஓடத் தொடங்கியது. அந்த முன்னணி நிரந்தரமாக இருக்க வழியில்லை.

கல்லூரி முறைக்குள்ளேயே ஒரு பலவீனமும் இருந்தது. பருவம் இலையுதிர் காலத்தின் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று நெருக்கிப் போடுவார்கள். முதல் பாதியில் வெளியே எடுத்த வீராங்கனையை மறுபாதியில் திரும்ப இறக்கலாம். அதனால் எல்லாரும் முழு வேகத்தில் ஓடி, களைத்ததும் வெளியே வந்து, மறுபடி போவார்கள். சர்வதேச ஆட்டத்தில் வெளியே வந்தவர் வந்தவர்தான். வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, பந்தை வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பது போன்ற நுணுக்கங்கள் 18 முதல் 22 வயதுக்குள் அங்கே பழகவில்லை. அதே வயதில் பார்சிலோனாவில் ஸ்பெயின் வீராங்கனை ஐத்தானா பொன்மத்தி மூத்த அணியோடு ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் ஆடிக்கொண்டிருந்தார். அமெரிக்கர்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். டிரினிட்டி ராட்மன் கல்லூரி அணிக்கு ஆடாமலே லீக்குக்கு வந்தவர். லில்லி யோஹானஸ் பதின்ம வயதிலேயே நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியில் ஆடினார். 2024-இல் அமெரிக்க லீக் கல்லூரி வீராங்கனைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் 'டிராஃப்ட்' முறையையே கைவிட்டது.

அதன் பலனை ஒலிம்பிக்கில் பார்க்கலாம் என்பார்கள். தங்கம் வந்தது உண்மை. எப்படி வந்தது? காலிறுதியில் ஜப்பானோடு 1-0, கூடுதல் நேரத்தில். அரையிறுதியில் ஜெர்மனியோடு 1-0, அதுவும் கூடுதல் நேரத்தில். இறுதியில் பிரேசிலோடு 1-0. 1991-இன் 7-0, 5-2-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்பெயின் வேறு வழியில் வந்தது. 2015-இல்தான் முதல் உலகக் கோப்பை. மூன்று ஆட்டத்தில் ஒரு டிரா, பிரிவில் கடைசி இடம். எட்டே ஆண்டில் சாம்பியன். இடையில் 2018-இலும் 2022-இலும் 17 வயதுக்குட்பட்டோர் கோப்பை, 2022-இல் 20 வயதுக்குட்பட்டோர் கோப்பை. சின்ன வயதிலிருந்தே ஒரே பாணியில் ஆடிப் பழகியவர்கள் ஒன்றாக மேலே வந்தார்கள். அந்தப் பாணிக்கும் மருந்து உண்டு என்று ஜப்பான் காட்டியது. 2023 பிரிவுச் சுற்றில் கால்வாசி நேரம்கூடப் பந்தைத் தொடாத ஜப்பான், பின்னால் ஐந்து பேரை நிறுத்திக் காத்திருந்து, பறித்த பந்தை மூன்று நான்கு பாஸில் கொண்டுபோய் 4-0 என்று முடித்தது. ஸ்பெயின் அதற்குப் பிறகு கோப்பையை வென்றது தனிக் கதை.

ஆக எல்லாம் சமமாகிவிட்டதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடுவில் இருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். உச்சியில் இடம் இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது. 2023-இல் 16 அணிகள் சுற்றில் ஐரோப்பா எட்டு, மற்றவர்கள் எட்டு என்று சரிபாதி. காலிறுதியிலேயே ஐரோப்பா ஐந்து. 2023 உலகக் கோப்பை இறுதியில் மோதிய ஸ்பெயினும் இங்கிலாந்தும் 2025 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மறுபடி மோதின. பெனால்டியில் இங்கிலாந்து வென்றது. இன்னொரு பக்கம், 2023-இல் ஐரோப்பா தனக்கென்று நேஷன்ஸ் லீக் தொடங்கியது. சர்வதேச ஆட்டங்களுக்கு ஒதுக்கிய நாட்களில் பெரும்பகுதி அதிலேயே போய்விடுகிறது. முன்பு ஸ்வீடனோடோ நெதர்லாந்தோடோ நட்பு ஆட்டம் கேட்டு வாங்கிய மற்றக் கண்டத்து அணிக்கு இப்போது தேதி கிடைப்பதே கஷ்டம். ஐரோப்பிய அணிகள் ஒன்றையொன்று கூர்தீட்டிக்கொள்ள, வெளியில் இருப்பவர்கள் பெரிய போட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பணம் தனி விஷயம். உலகக் கோப்பைப் பரிசுத்தொகை 2019-இல் 3 கோடி டாலர். 2023-இல் 11 கோடி டாலர். தொகை கூடியது. அது வீராங்கனை கைக்குப் போக நடுவில் ஒரு சங்கம் இருக்கிறது. 2023-இல் ஜமைக்கா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா என்று பல அணிகள் போட்டிக்கு முன் தங்கள் சங்கங்களோடு சம்பளத்துக்காகச் சண்டை போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறின. முகாமில் இழந்த பத்து நாள் எந்தப் பயிற்சியாளருக்கும் திரும்பக் கிடைக்காது. அதோடு முழங்கால் தசைநார்க் காயம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மைதானம் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். 2023-இல் இங்கிலாந்து வில்லியம்சனையும் மீடையும், நெதர்லாந்து மியடமாவையும் இப்படி இழந்தன. இங்கிலாந்து இறுதிவரை போனது, ஏனென்றால் மாற்று ஆட்களும் அதே லீக்கில் ஆடுகிறவர்கள். சிறிய அணியில் ஒரு ஷா விழுந்தால் மாற்று கிடையாது.

அடுத்த உலகக் கோப்பை 2027-இல் பிரேசிலில், 32 அணிகளோடு. அந்த ஆட்டங்களைக் கேட்கும்போதோ பார்க்கும்போதோ 75-ஆவது நிமிடத்தில் ஸ்கோர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடைசி விசில் வரை இரண்டு, மூன்று கோல் சேர்ந்தால், அந்த அணிக்கு உடல் தகுதியோ மாற்று ஆட்களோ போதவில்லை. முதல் அரைமணியிலேயே விழுந்தால் அமைப்பில் கோளாறு. கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் மட்டும் விழுந்தால், கோல்கீப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2031-இல் அணிகள் 48 ஆகும். புதிதாக வருபவர்களில் சிலர் பத்துக் கோல் வாங்கக்கூடும். அதை வைத்துப் பழைய காலம் திரும்பிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அதே அணி அடுத்த ஆட்டத்தில் எத்தனை வாங்குகிறது என்று பாருங்கள். மொராக்கோ ஆறுக்குப் பிறகு இரண்டு ஆட்டத்தில் ஒன்றுகூட வாங்கவில்லை.

நன்றி, வணக்கம்.