முரசு ஓய்ந்த பிறகு

அனைவருக்கும் வணக்கம்.

போரும் இசையும் என்றதும் நமக்கு முரசுதான் நினைவுக்கு வரும். முரசு முழங்கும், கொம்பு ஊதும், வீரனுக்கு வெறி ஏறும். ஆனால் பழைய போர்களில் சண்டை நடந்த நாட்கள் குறைவு. நடையும் காத்திருப்பும் சேறும் பசியும் வீட்டு நினைப்பும்தான் அதிகம். அந்த நாட்களில் சிப்பாய்க்கு இசை என்னவாக இருந்தது என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர். 1862 டிசம்பர் 30, மாலை. டென்னசி மாநிலத்தில் மர்ஃப்ரீஸ்பரோ ஊருக்குப் பக்கம், ஸ்டோன்ஸ் ஆற்றங்கரை. வடக்குப் படையும் தெற்குப் படையும் கூப்பிடு தூரத்தில் தங்கியிருக்கின்றன. கடுங்குளிர். விடிந்தால் சண்டை என்று எல்லோருக்கும் தெரியும். இருபக்கத்து பேண்டு வாத்தியக்காரர்களும் தத்தம் தரப்புப் பாட்டுகளை வாசிக்கிறார்கள். இவர்கள் ஒன்று வாசித்தால் பதிலுக்கு அவர்கள் ஒன்று. எசப்பாட்டு மாதிரிதான். அப்புறம் ஒரு பேண்டு, ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ பாட்டை எடுத்தது. வீட்டை நினைத்து ஏங்கும் பாட்டு. எதிர்ப்பக்கமும் அதையே வாசிக்கத் தொடங்கியது. இருபக்கத்துச் சிப்பாய்களும் கூடவே பாடினார்கள்.

மறுநாள் விடியலில் சண்டை மூண்டது. ஜனவரி 2-ஆம் தேதி அது ஓய்ந்தபோது, இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள் என இருதரப்பிலும் 23,000 பேருக்கு மேல். பாட்டு எதையும் தடுக்கவில்லை. அதற்காக அது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எதிரே துப்பாக்கியோடு இருப்பவனுக்கும் தன் பாட்டின் அடுத்த அடி தெரியும் என்பதை அந்த இரவில் அவர்கள் காதால் கேட்டார்கள். அப்படிக் கேட்ட பிறகும் காலையில் சுட வேண்டியிருந்ததே, அதுதான் என்னை உலுக்குகிறது.

வாசித்தவர்களையும் மறக்கக் கூடாது. சண்டை தொடங்கினால் அந்தப் போரில் பேண்டுக்காரர்கள் பலர் கருவியை வைத்துவிட்டு, காயம்பட்டவர்களைத் தூக்கிவரப் போவார்கள்.

அதே 1862 ஜூலையில், வர்ஜீனியா முகாம் ஒன்றில், தளபதி டேனியல் பட்டர்ஃபீல்ட் பியூகிள் என்ற ஊதுகொம்பில் ஊதும் பழைய குறி ஒன்றைத் திருத்தி ஊதச் செய்தார். மொத்தமே 24 சுரங்கள். விளக்கணைத்துத் தூங்கச் சொல்லும் குறி அது. சீக்கிரமே அடக்கங்களிலும் அதையே ஊதினார்கள். இன்றும் அமெரிக்கப் படையில் அந்த வழக்கம் இருக்கிறது. தூங்கப்போகும் சிப்பாய்க்கும் திரும்பாத சிப்பாய்க்கும் ஒரே ஊதல்!

இரண்டாம் உலகப் போரிலும் இப்படி ஒன்று நடந்தது. 1941-இல் ஜெர்மானியர் வசமிருந்த பெல்கிரேட் வானொலி, லாலே ஆண்டர்சன் பாடிய ‘லிலி மார்லேன்’ பாட்டை இரவுதோறும் ஒலிபரப்பியது. காதலியைப் பிரிந்த சிப்பாயின் பாட்டு. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் கேட்டார்கள். எதிரே இருந்த பிரிட்டிஷ் எட்டாவது படையும் அதைக் கேட்டது. ஜெர்மன் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. சிப்பாய்கள் விடவில்லை.

சரி, இதெல்லாம் நமக்குப் புதிதா? புறநானூற்றின் 281-ஆம் பாட்டைப் பாருங்கள். அரிசில்கிழார் பாடியது. வேந்தனுக்கு நேர வேண்டிய துன்பத்தைத் தான் தாங்கி, புண்பட்டுக் கிடக்கிறான் ஒரு வீரன். ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். வீட்டில் வேப்பிலை செருகுவோம், யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்கட்டும், ஆம்பல் குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், வீடெங்கும் நறும்புகை எழுப்புவோம், அவனைக் காப்போம் வா என்கிறாள்.