நடுவில் மூன்று பைட்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். காற்று இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே மிக்ஸி ஓடுகிறது, அதற்கு இது எவ்வளவோ மேல்.

போன வாரம் பட்ட அசட்டுத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழகுவதற்காக லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, ஒரு சின்ன டிரைவர் எழுதினேன். அதில் கே-இசட்-அலாக் என்று இருந்ததைக் கே-மாலாக் என்று மாற்றினேன். இரண்டுமே கெர்னலுக்குள் மெமரி வாங்குகிற ஃபங்ஷன்கள். முதலாவது, கேட்ட இடம் முழுவதையும் பூஜ்யமாக்கித் தரும். இரண்டாவது, கிடந்தது கிடந்தபடியே தரும். எல்லாவற்றையும் நானே நிரப்பப்போகிறேன், பிறகு எதற்குத் துடைப்பது என்று கணக்குப் போட்டேன். சிக்கனமாம்!

திரையைப் பாருங்கள். என் ஸ்ட்ரக்சரில், அதாவது சில தகவல்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டையில், இரண்டே உறுப்புகள். நிலையைச் சொல்ல 1 பைட், எண்ணுக்கு 4 பைட். கூட்டினால் 5. நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரோ 8 என்கிறது. 4 பைட் எண் நான்கால் வகுபடும் முகவரியில் உட்கார வேண்டும் என்பதற்காக நடுவில் 3 பைட் காலியாக விட்டிருக்கிறது. அந்த மூன்றுக்கும் பெயர் கிடையாது. பெயரில்லாததை நான் எங்கே நிரப்புவது? அந்த 8 பைட்டையும் அப்படியே கெர்னலுக்கு வெளியே ஓடும் பயனர் நிரலுக்கு அனுப்பினேன். அங்கே அச்சிட்டுப் பார்த்தால் 01, அதன் பின்னால் 38, 92, 04. மறுபடி ஓட்டினால் முதல் பைட் அதே 01, அடுத்த மூன்றும் வேறு.

எங்கள் தெருமுனையில் ஒரு வாடகைப் பாத்திரக் கடை உண்டு. காதுகுத்துக்கு அங்கே அண்டா எடுத்துவந்து அம்மா பாயசம் வைத்தார். அண்டா பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கைப்பிடி வளையம் மாட்டுகிற இடுக்கில் யார் வீட்டுப் பிரியாணி மசாலாவோ ஒட்டியிருந்திருக்கிறது. பாயசத்தில் பட்டை வாசம். மாமா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "ஏலக்காய் புதுசா?" என்று கேட்டார்.

என் மூன்று பைட்டும் அந்த இடுக்குதான். அதில் முன்பு அந்த இடத்தை வைத்திருந்தவரின் கடவுச்சொல் துண்டு இருக்கலாம், கெர்னல் முகவரியின் துண்டும் இருக்கலாம். ஒவ்வொரு முறை கணினி பூட் ஆகும்போதும், அதாவது துவங்கும்போதும், கெர்னல் மெமரியில் தன் இருப்பிடத்தை மாற்றி ஒளிந்துகொள்கிறது. இப்படிச் சிந்துகிற துண்டுகளை வைத்தே தாக்க வருகிறவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பயனர் நிரலுக்குக் கெர்னல் மெமரியை 4096 பைட் துண்டுகளாகக் கொடுக்கும், அதற்குப் பக்கம் என்று பெயர். புதிதாகக் கொடுக்கும் பக்கத்தைப் பூஜ்யமாகத்தான் காட்டும். வெறுமனே படித்தால் எல்லோருக்கும் பொதுவான ஒரே பூஜ்யப் பக்கத்தைக் காட்டிச் சமாளிக்கும். எழுத வந்தால்தான் தனிப் பக்கம். ஊருக்கு இவ்வளவு சுத்தம், தன் வீட்டுக்குள் மட்டும் கேட்டால்தான் துடைக்கும்.

2019-இல் வந்த லினக்ஸ் 5.3 பதிப்பில் இதற்கு ஒரு பூட் விருப்பம் சேர்த்தார்கள். இனிட்-ஆன்-அலாக் என்று பெயர். போட்டுவிட்டால் கே-மாலாக்கும் துடைத்தே தரும். பெரும்பாலான வேலைகளில் வேகக்குறைவு 1 சதவீதத்துக்கும் கீழே என்று கெர்னல் அமைப்புக் கோப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் பல இடங்கள் வரிசையாக வேண்டுமென்றால் கே-காலாக் என்ற ஃபங்ஷன், அதுவும் துடைத்தே தரும். எண்ணிக்கையையும் அளவையும் பெருக்கும்போது விடை கொள்ளளவை மீறி வழிந்தால் அதுவே பிடித்துவிடும்.

அதற்காகப் பூஜ்யத்தைக் கும்பிடவும் வேண்டாம். லினக்ஸில் பயனர் எண் 0 என்றால் யார்? ரூட், எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி. துடைத்த ஸ்ட்ரக்சரில் பயனர் எண்ணை நிரப்ப மறந்தால், யாரோ ஒருவருக்குச் சர்வ அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்திருப்பீர்கள். குப்பை இருந்திருந்தால் நிரல் எங்காவது தடுக்கி விழுந்து தவறு வெளியே வந்திருக்கலாம். பூஜ்யம் சத்தமே போடாது. நிரப்பாத மெமரியைப் படித்தால் காட்டிக்கொடுக்கும் கே-எம்-சான் கருவிகூட, துடைத்த இடத்தை நிரப்பியதாகவே எடுத்துக்கொள்ளும்.

நான் கே-இசட்-அலாக்குக்கே திரும்பிவிட்டேன். இப்போது ஓட்டுகிறேன், பாருங்கள். 01, 00, 00, 00. தண்ணீர் லாரி ஹாரன் கேட்கிறது, குடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கெர்னலிலிருந்து பயனர் நிரலுக்குத் தகவலை நகலெடுக்கும் காப்பி-டு-யூசரை அடுத்த வீடியோவில் பிரித்துப் பார்க்கலாம்.