க்ரோன்போர்க் கோட்டை காலி அறைகள்தானா? ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "ஜூன் மாதம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோபன்ஹேகன் போகிறோம், கையில் மூன்று நாள் இருக்கிறது. ஹெல்சிங்கோர் ஊரில் இருக்கிற க்ரோன்போர்க் கோட்டைக்கு உள்ளே வெறும் காலி அறைகள்தான், ஊருக்குள்ளேயே இருக்கிற ரோசன்போர்க் அரண்மனை போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருகிற ஹாம்லெட் வாழ்ந்த கோட்டை என்கிறார்களே, அது நிஜமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அந்த நாளை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா?" இதுதான் கேள்வி.

போங்கள், கண்டிப்பாகப் போங்கள். மூன்று நாளில் ஒரு அரை நாளுக்கு மேல் அதற்குக் கொடுங்கள்.

காலி அறைகள் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கம், வைரம், பட்டு மெத்தை என்று எதிர்பார்த்துப் போனால் க்ரோன்போர்க்கில் ஏமாற்றம்தான். ஆனால் அது ஏன் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தக் காலி அறையே பேச ஆரம்பித்துவிடும். டென்மார்க்கின் இரண்டாம் ஃபிரடெரிக் மன்னர் 1574 முதல் 1585 வரை கட்டிய மாளிகை அது. 1629ல் தீப்பிடித்து, தேவாலயம் ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாமே எரிந்துபோனது. அவருடைய மகன் நாலாம் கிறிஸ்டியன் திரும்பக் கட்டினார். அதுவும் நிலைக்கவில்லை, 1658ல் ஸ்வீடன் படை முற்றுகை போட்டுப் பிடித்து, முற்றத்து நீரூற்றின் வெண்கலச் சிலைகள் வரைக்கும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. 1785க்கு அப்புறம் அரச குடும்பத்தின் வீடாகவே அது இல்லை, ராணுவப் பாசறையாகி நூறு ஆண்டுகளுக்கு மேல் சிப்பாய்கள் குடியிருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அங்கே என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்கள்? சுவர்களில் தொங்கவிட டென்மார்க் மன்னர்களின் வரிசையைக் கம்பளித் திரைச்சீலைகளாக நெய்ய வைத்தார் ஃபிரடெரிக். மொத்தம் 40 திரைகள். இன்றைக்கு 7 தான் அந்தக் கோட்டையில் இருக்கின்றன. அந்த அறையில் அவசரப்படாமல் நில்லுங்கள். மன்னரும் பட்டத்து இளவரசனாக இருந்த சின்னப் பையன் கிறிஸ்டியனும் இருக்கிற திரையைத் தேடிப் பாருங்கள், அந்தப் பையனைப் பற்றித்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால், இந்தக் கோட்டையை எதற்கு அந்த இடத்தில் கட்டினார்கள் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை க்ரோன்போர்க்கில் பார்க்க வேண்டியது அறைகளைவிட ஜன்னலுக்கு வெளியே இருக்கிற கடல்தான். அது ஓரெசுண்ட் நீரிணை. எதிரே தெரிகிற கரை ஸ்வீடன், நடுவில் நாலு கிலோமீட்டர்தான் தண்ணீர். பால்டிக் கடலுக்குள் போக வேண்டிய கப்பல்கள், அங்கிருந்து தானியம், மரம், தார் ஏற்றிக்கொண்டு ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் திரும்ப வேண்டிய கப்பல்கள், பெரும்பாலும் இந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். அப்போது இரண்டு கரையுமே டென்மார்க் கையில். எரிக் என்கிற மன்னர் 1420களில் இங்கே ஒரு கோட்டையைக் கட்டி, 1429லிருந்து போகிற வருகிற கப்பலையெல்லாம் நிறுத்திச் சுங்கம் வாங்க ஆரம்பித்தார். கடலுக்கு நடுவில் டோல்கேட் போட்ட மாதிரி. நிற்காமல் போனால் பீரங்கி. அந்தப் பழைய கோட்டையைத்தான் பிறகு ஃபிரடெரிக் மாளிகையாக மாற்றினார்.

இதில் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு இருந்தது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆரம்பத்தில் கப்பலுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். பிறகு ஃபிரடெரிக் காலத்தில், 1567ல், சரக்கைப் பொறுத்து வரி என்று மாற்றினார்கள். சரி, சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவன்தானே சொல்கிறான், குறைத்துச் சொன்னால் என்ன செய்வது? ஒவ்வொரு கப்பலிலும் இறங்கி மூட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தேவையே இல்லை. நீ சொல்கிற விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்கிற உரிமை ராஜாவுக்கு உண்டு என்று சட்டம் வைத்துவிட்டார்கள். குறைத்துச் சொன்னால் அந்தக் குறைந்த விலைக்கே சரக்கு பறிபோய்விடும், கூட்டிச் சொன்னால் வரி கூடும். ஆக உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அவனுக்கு லாபம். 1857ல் பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு இந்தச் சுங்கத்தை ஒழிக்கிற வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. எந்தக் கப்பல், எந்த ஊர், என்ன சரக்கு என்று எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மாளிகை, நடன மண்டபம், திரைச்சீலை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது இந்தப் பணம். 62 மீட்டர் நீளமுள்ள அந்த நடன மண்டபத்துக்குள் நுழையும்போது இதை அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள், காலி ஹால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஹாம்லெட் பற்றிக் கேட்டீர்கள். ஹாம்லெட் என்று ஒரு இளவரசன் அந்தக் கோட்டையில் வாழவில்லை. அம்லெத் என்று ஒரு பழைய டேனிஷ் கதை உண்டு, சாக்ஸோ என்கிற வரலாற்றாசிரியர் 1200 வாக்கில் லத்தீனில் எழுதிவைத்தது, அது நடப்பது வேறு பக்கம், யூட்லாந்தில். ஷேக்ஸ்பியர் அதை எடுத்துத் தன் நாடகத்தில் எல்சினோருக்குக் கொண்டுவந்தார். எல்சினோர் என்பது ஹெல்சிங்கோர் ஊர்தான், க்ரோன்போர்க் இருக்கிற ஊர். ஷேக்ஸ்பியர் அங்கே போனதாக எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் 1586ல் ஆங்கில நடிகர்கள் சிலர் ஃபிரடெரிக்கின் அவையில் நடித்திருக்கிறார்கள், அவர்களில் வில் கெம்ப் போன்றவர்கள் பிறகு ஷேக்ஸ்பியரின் குழுவிலேயே இருந்தார்கள். அவர்கள் வழியாக இந்தக் கோட்டையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கலாம் என்று சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. கோடையில் நடிகர்கள் அறை அறையாகக் காட்சிகளை நடித்துக் காட்டுவார்கள். நீங்கள் போகிற தேதியில் உண்டா என்று கோட்டையின் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது அந்தத் திரைச்சீலைப் பையன். அவர்தான் நாலாம் கிறிஸ்டியன், 1588 முதல் 1648 வரை மன்னர். தமிழர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பியவர் இவர்தான். 1616ல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார், 1618ல் ஓவ கெட்ட என்கிற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின, 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் கிறிஸ்டியனுக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நிற்கிறதே டேனிஷ் கோட்டை, டான்ஸ்போர்க், அது அப்போது கட்டியது. 1845ல் ஆங்கிலேயருக்கு விற்கிற வரை அந்த ஊர் டென்மார்க் கையில்தான் இருந்தது. அதனால் உங்களால் முடிந்தால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு முறை தரங்கம்பாடி போய்வந்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து பீரங்கி மேட்டில் நின்றால் க்ரோன்போர்க் அந்நியமாகவே இருக்காது.

அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஹெல்சிங்கோர் முக்கால் மணி நேரம், அடிக்கடி ரயில் உண்டு. ஸ்டேஷனிலிருந்து கோட்டை வாசல் வரை துறைமுகத்தை ஒட்டிச் சமதளத்தில் நடை, மெதுவாக நடந்தால் இருபது நிமிடம், ஆனால் கடல் காற்று ஜூன் மாதத்திலும் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். அரச அறைகளுக்குப் படி ஏற வேண்டும், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் சமாளிக்கலாம். கீழே இருக்கிற நிலவறைகளுக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். இருட்டு, ஈரம், தாழ்ந்த கூரை, மேடும் பள்ளமுமான தரை. நீங்களும் அப்பாவும் போய்வாருங்கள், போகாமல் விடாதீர்கள். அங்கேதான் டேனிஷ் பழங்கதை வீரர் ஹோல்கர் டான்ஸ்கே உட்கார்ந்திருக்கிறார். வாளும் கேடயமுமாக, கைகளைக் கட்டிக்கொண்டு, தாடி வழிய, தலை குனிந்து தூங்குகிற பெரிய சிலை. நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழுந்து வருவார் என்பது டேனிஷ் மக்களின் நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நாட்டைப் பிடித்துவைத்திருந்தபோது எதிர்த்துப் போராடிய ஒரு குழு அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அம்மா வெளியே கோட்டைச் சுவர் ஓரம் உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், பொழுது போவதே தெரியாது.

டிக்கெட் விஷயம். கோபன்ஹேகன் கார்டு என்று ஒன்று உண்டு, அதில் க்ரோன்போர்க், ரோசன்போர்க், டிவோலி கேளிக்கைப் பூங்கா எல்லாவற்றுக்கும் அனுமதியும் ஹெல்சிங்கோர் ரயிலும் சேர்த்தே வரும். மூன்று நாளில் நாலைந்து இடம் பார்ப்பதாக இருந்தால் கட்டுப்படியாகும், ஒன்றிரண்டுதான் என்றால் தனித்தனியாக வாங்குங்கள். டென்மார்க்கில் யூரோ கிடையாது, குரோன். ஆனால் வங்கிக் கார்டு இருந்தால் காசு மாற்றவே வேண்டியதில்லை.

மற்ற இடங்கள். ரோசன்போர்க்கை விட வேண்டாம், அதுவும் நம் கிறிஸ்டியன் கட்டியதுதான். நகைகள், கிரீடங்கள், மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவலிருக்கிற சிம்மாசனம் எல்லாம் அங்கே. 1644ல் கடற்போரில் அவருடைய ஒரு கண் போனது. அன்றைக்கு அவர் போட்டிருந்த ரத்தக் கறை படிந்த சட்டை அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, அந்த நகைகளைவிட எனக்கு அதுதான் மனதில் நின்றது. நேரம் குறித்த டிக்கெட், முன்பதிவு செய்துவிடுங்கள். வட்டக் கோபுரமும் அவர் கட்டியதுதான், 1642ல் முடிந்தது. மேலே போகப் படிக்கட்டுக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப் பாதை, அதனால் அம்மாவால்கூட மெல்ல ஏற முடியும், கடைசியில் மட்டும் குறுகலான சில படிகள். அரச குடும்பம் வசிக்கிற அமாலியன்போர்க் அரண்மனையில் பகல் 12 மணிக்குக் காவலர் மாறுகிற நிகழ்ச்சி, இலவசம். அங்கிருந்து கடற்கன்னி சிலைக்குப் போகலாம், ஆனால் அது ஒன்றேகால் மீட்டர் உயரச் சிலை, சுற்றி எப்போதும் கூட்டம், அதற்கென்று ஒரு காலைப் பொழுதைச் செலவழிக்காதீர்கள், படகுச் சவாரி போனால் வழியிலேயே காட்டிவிடுவார்கள். 1843ல் தொடங்கிய டிவோலி பூங்காவுக்கு மாலையில் போங்கள், ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், விளக்கு போடுகிற நேரம் வரை இருந்துவிட்டு வாருங்கள்.

ஹில்லரோட் என்கிற ஊரில் ஃபிரடெரிக்ஸ்போர்க் என்று ஏரி நடுவே இன்னொரு பெரிய அரண்மனை இருக்கிறது, அழகில் அதற்கு ஈடு கிடையாது. ஹெல்சிங்கோரிலிருந்து உள்ளூர் ரயில் உண்டு, ஒரே நாளில் இரண்டையும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவோடு அதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதில் க்ரோன்போர்க் முடிந்ததும் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து ஸ்வீடனுக்குப் படகு ஏறுங்கள், இருபது நிமிடப் பயணம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், ஸ்வீடன் பக்கம் கேட்பதுண்டு. போகும்போது பின்பக்கம் நின்று திரும்பிப் பாருங்கள், சுங்கம் கட்ட வந்த மாலுமிகள் எந்தக் கோணத்தில் அந்தக் கோட்டையைப் பார்த்தார்களோ அதே கோணம் கிடைக்கும். அப்பா அம்மாவை நிற்க வைத்து அங்கே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.