நம்ம வாயால சொல்லித்தான் தண்ணியில இறங்கணும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தடாவுல இருந்தும் சூளூர்பேட்டையில இருந்தும் பஸ் புடிச்சு வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நாம ஞானஸ்நானம்னு சொல்றோம், பக்கத்து வீட்டு தெலுங்குக்காரங்க பாப்திஸ்மம்னு சொல்றாங்க, அந்த கிரேக்கச் சொல்லுக்கு முக்குறதுன்னுதான் அர்த்தம்.

நான் பொறந்த சபையில கைக்குழந்தையிலயே தலையில தண்ணி தெளிச்சுட்டாங்க. பத்தொன்பது வயசுல நான் ஆத்துல முழுக்கு எடுக்கப்போறேன்னதும் எங்கம்மா, "அப்போ நாங்க உனக்கு செஞ்சது செல்லாதா?"ன்னு ரெண்டு நாள் பேசவே இல்ல. அம்மா, நீங்க ஜெபிச்சது எதுவும் வீணாப் போகல, ஆனா விசுவாசிக்கிறேன்னு நான்தானே என் வாயால சொல்லணும்னு சொன்னேன். பாப்டிஸ்ட் சபையில குழந்தைய பிரதிஷ்டை பண்ணி ஜெபிப்போம், ஞானஸ்நானம் அது வளந்து தானா கேக்குறப்பதான்.

இதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு சாட்சி இருக்கு. தாது வருஷப் பஞ்சம், 1876ல இருந்து 78 வரைக்கும். ஓங்கோல்ல மிஷனரியா இருந்த ஜான் கிளஃப், இந்த பழவேற்காடு வழியா போகுதே பக்கிங்காம் கால்வாய், அத வெட்டுறதுல மூணு மைலுக்கு மேல கான்ட்ராக்ட் எடுத்து, பட்டினியில வந்த ஜனங்களுக்கு கூலி வேலை குடுத்தாரு. அப்பவே நிறைய பேர் பாப்திஸ்மம் கேட்டாங்க. குடுக்க மாட்டேன்னுட்டாரு! சோத்துக்காக வந்தாங்கன்னு ஆயிடக்கூடாதேன்னு நிவாரண வேலை முடியற வரைக்கும் நிறுத்தி வெச்சாரு. அப்புறமும் ஜனங்க வந்தாங்க, 1878 ஜூலை 3, வெள்ளம்பள்ளி கிட்ட குண்டலகம்மா ஆத்துல ஒரே நாள்ல 2,222 பேர், ஆறு போதகருங்க ரெண்டு ரெண்டு பேரா மாறி மாறி இறங்கி முழுக்கு குடுத்திருக்காங்க. எல்லாரும் அந்த கணக்கத்தான் சொல்லுவாங்க, எனக்கு அவரு காக்க வெச்ச மாசங்கதான் பெருசாத் தெரியுது.

தண்ணி பாவத்தக் கழுவும்னு நாம சொல்றதில்ல. பின்னாடி சாய்ச்சு முக்குறப்ப கிறிஸ்துவோட அடக்கம் பண்ணப்படுறோம், தூக்குறப்ப அவரோட எழுந்திரிக்கிறோம், ரோமர் ஆறாம் அதிகாரத்த வீட்டுல போய் படிங்க.

அடுத்த வாரம் பேர் குடுத்திருக்கிற தம்பி தங்கச்சிங்க சபை முன்னாடி சாட்சி சொல்லணும். தமிழோ தெலுங்கோ எது வருதோ அதுல சொல்லுங்க. வீட்டுல சொல்றாங்கன்னு பேர் குடுத்தவங்க யாராச்சும் இருந்தா கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வாங்க, பேரை எடுத்துடலாம், யாரும் கோச்சுக்க மாட்டோம்.