சிப்பிப்பாறையும் பொமரேனியனும் ஒரே வீட்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டு, பெங்களூரில் அல்சூருக்கோ விவேக்நகருக்கோ திரும்பும் நம் குடும்பங்களில், மூட்டை முடிச்சோடு ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியும் வந்து இறங்குவது உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு பொமரேனியன் சோபாவை ஆண்டுகொண்டிருக்கும். "இது வேட்டைநாய் ஆயிற்றே, அதோடு ஒத்துப்போகுமா?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

படுத்திருக்கும்போது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஓடும்போது என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேட்டைநாய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் தொழில் வேறு வேறு. சிப்பிப்பாறை, கன்னி, பாகல்கோட்டை மாவட்டத்து முதோள் ஆகியவை கண்ணால் பார்த்துத் துரத்துபவை. பீகிள் மூக்கால் தடம் பிடிப்பது. ஒரே கொட்டிலில் பல நாய்களோடு கூட்டமாக வளர்ந்த பரம்பரை. கூட்டத்தில் சண்டை போடும் நாயை வேட்டைக்காரர் வைத்துக்கொள்ள மாட்டார் என்பதால், இன்றைக்கும் பீகிளுக்குப் பிற நாய் என்றால் கொண்டாட்டம்தான். அதன் பலவீனம் வயிறு. சாப்பாட்டுத் தட்டருகே அதை நம்பாதீர்கள். வளைக்குள் தனியாக இறங்கி மல்லுக்கு நிற்க வளர்க்கப்பட்ட குட்டைக்கால் டாஷண்ட், உருவத்துக்குப் பொருந்தாத கோபக்காரன். அஞ்சல் துறை 2005-ல் வெளியிட்ட நாய்ப் படம் போட்ட அஞ்சல்தலைகளில் முதோளும் உண்டு, ராஜபாளையமும் உண்டு. அதற்காக இரண்டுக்கும் ஒரே குணம் என்று நினைக்கக் கூடாது. ராஜபாளையத்துக்குக் காவல் குணம் தூக்கல்; வளர்ந்த ஆண் ராஜபாளையம் இன்னொரு வளர்ந்த ஆண் நாயை வீட்டில் சகிப்பது அபூர்வம்.

சிப்பிப்பாறைக்கு வருவோம். வீட்டுக்குள் இது மூலையில் சுருண்டு கிடக்கும் சாது. பொமரேனியன் குரைத்தாலும் தலையைத் திருப்பிக்கொள்ளும். இதைப் பார்த்து, "சிநேகமாகிவிட்டன" என்று இரண்டையும் மைதானத்தில் அவிழ்த்துவிடும் இடத்தில்தான் விபரீதம் நடக்கிறது. சின்ன நாய் ஓடுகிறது, பயந்து கீச்சென்று கத்துகிறது. அந்த நொடியில் துரத்துகிற நாயின் கண்ணுக்கு அது வீட்டுத் தோழன் இல்லை, முயல். கோபமோ பொறாமையோ இதில் கிடையாது. அதனால் உறுமலும் இருக்காது. தலை தாழ்ந்து, காது விறைத்து, கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. இந்தப் பார்வை தெரிந்தால் விளையாட்டை அங்கேயே நிறுத்துங்கள். விளையாட்டு என்றால் துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி வரும். முன்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி அழைப்பு விடுக்கும். எப்போதும் ஒன்றே துரத்தினால் அது விளையாட்டு அல்ல.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. லாப்ரடார் உடம்பால் மோதி விளையாடும். சிப்பிப்பாறையின் தோல் மெல்லியது, முடி குட்டை, கால் குச்சி போல. லாப்ரடாருக்கு ஒன்றுமே ஆகாத ஒரு பல் பட்டால் இதற்குத் தோல் கிழிந்து தையல் போட வேண்டிவரும்.

குட்டி வாங்கும்போது வயதைக் கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் விதி சொல்கிறது. காரணம் இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப் பிறந்தவற்றிடம்தான் கற்கிறது. முப்பது நாளில் பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடும். கொண்டுவந்ததும் முதல் இரண்டு வாரம் தனி அறை. பார்வோ என்ற குடல் நோய் தொற்றியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பழைய நாயின் தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். பலருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

வளர்ந்த நாயைக் கொண்டுவந்தால் அறிமுகம் வீட்டு வாசலில் வேண்டாம், லிஃப்டுக்குள் வேண்டவே வேண்டாம். தெருநாய் இல்லாத, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடம். ஆளுக்கொரு நாய், ஆறடி வார். பதினைந்து மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். இரண்டும் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடந்தால் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள். நேருக்கு நேர் நிறுத்தாமல், வளைந்து வந்து பின்புறத்தை முகர விடுங்கள். மூன்று எண்ணும் நேரம் போதும், கூப்பிட்டு நகர்த்திவிடுங்கள். வாரை இழுத்துப் பிடித்தால் உங்கள் பதற்றம் நாய்க்குப் போகும். ஆனால் தளர்த்திப் பிடித்த வாரிலிருந்து சிப்பிப்பாறை நழுவிவிடும். அதன் தலை கழுத்தைவிட அகலம் இல்லை. சாதாரணப் பட்டை கழன்று கையோடு வரும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டை போடுங்கள். இரும்புச் சங்கிலிச் சுருக்கு அந்த மெல்லிய கழுத்துக்கு ஆகாது.

வீட்டுக்குள் நுழையுமுன் எலும்பு, பொம்மை, தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சாப்பாடு தனித்தனி அறையில், கதவு சாத்தி. தண்ணீர்ச் சட்டி இரண்டு இடத்தில். நடைபாதை, குளியலறை வாசல், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உள்ள சந்து: ஃப்ளாட்டில் சண்டை பிறக்கும் இடங்கள் இவைதான், விலகிப் போக வழி இருக்காது. பால்கனியை மறந்துவிடுகிறோம். கீழே தெருநாய் போகும், இரண்டும் கம்பிக்குள் நின்று குதிக்கும், அதைக் கடிக்க முடியாத ஆத்திரத்தில் பக்கத்தில் நிற்பதைக் கடிக்கும். கம்பியின் கீழ்ப்பாதியைத் தட்டியால் மறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஜோடி சேர்ப்பதில் ஆணும் பெண்ணும் என்பதே நல்லது, கருத்தடை செய்துகொண்டு. இரண்டு பெட்டைகளுக்குள் பகை வந்தால் அது எளிதில் ஆறாது.

சண்டை மூண்டால் வாய்க்கு நடுவே கை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், தடித்த போர்வை, அல்லது இடையில் ஒரு நாற்காலி. முடியாவிட்டால் ஆளுக்கு ஒன்றாகப் பின்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுத்துத் தனித்தனி அறையில் அடையுங்கள். பிறகு உடம்பைத் தடவிப் பாருங்கள். மேலே சின்ன ஓட்டை, உள்ளே தோல் பிரிந்து சீழ் பிடிக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களைக் கடித்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் மாதம் வேலைக்குப் போகும்போது இரண்டையும் வேறு வேறு அறையில் விடுங்கள். பிறகு சேர்த்து விட்டுப்போகும் நேரத்தைப் பத்து நிமிடம், அரை மணி என்று கூட்டலாம். பொமரேனியனும் சிப்பிப்பாறையும் என்றால், ஆறு மாதம் சேர்ந்து தூங்கியிருந்தாலும், திறந்த மைதானத்தில் ஒன்று வாரில் இருக்கட்டும். அது சிப்பிப்பாறையாக இருக்கட்டும்.

வணக்கம்.